ரேடியோ பேசும் வரை

என்னோடு படித்தவர்களே, ஐம்பதைத் தாண்டியவர்களே,

போன மாதம் நம் வகுப்புக் குழுவில் ஒருவர் பழைய ரேடியோ படம் ஒன்றைப் போட்டார். தோலுறையும் தோளில் மாட்டும் வாரும் கொண்ட இரண்டு பேண்டு ரேடியோ. கீழே, 'அப்பா ஒரு பார்வை பார்த்தால் போதும், அடங்கிவிடுவோம். அந்த வளர்ப்புதான் நம்மை ஆளாக்கியது' என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டீர்கள். நான் போடவில்லை. உங்கள் வீட்டில்கூட இதே ரேடியோ இருந்ததே, உனக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள். இருந்தது. அதனால்தான் போடவில்லை.

அந்த ரேடியோவைப் பற்றி ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் மேற்கொண்டு எழுத முடியாது.

எங்கள் அப்பா பீங்கான் பேட்டையில் சூளைக்காரர். கோப்பை, பொம்மை, ஃப்யூஸ் கட்டை எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி, வாயைச் செங்கல் வைத்து அடைத்து, ஒன்றரை நாள் நெருப்புக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. சுவரில் விட்டிருக்கும் துளை வழியே உள்ளே பார்த்து, நெருப்பின் நிறத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அவர் சொன்ன பிறகுதான் முதலாளி மீட்டரைப் பார்ப்பார் என்று பேட்டையில் பேச்சு. மீட்டர் தவறாகவும் அவர் சரியாகவும் இருந்த நாட்கள் உண்டு. அந்தப் பெயரைத் தவிர அவருக்கு வேறு பெருமை கிடையாது.

ரேடியோ அவருடையது. எங்களுடையது என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. நெருப்புக் கொடுக்கும் நாட்களில் தோளில் மாட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அதன் தோலுறையில் கரிப்புகையும் வெள்ளை மண்ணும் கலந்த ஒரு வாசனை இருக்கும். பல் பல்லாக வெட்டிய சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் சிவப்பு ஊசி நகரும். ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் மணலைச் சலிப்பதுபோல ஒரு இரைச்சல் வரும். எனக்குப் பாட்டைவிட அந்த இரைச்சல்தான் பிடிக்கும். ஏதோ ஒன்று வரப்போகிறது என்று சொல்லும் சத்தம் அது.

அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசை. எனக்குப் பன்னிரண்டு வயது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது பென்சில் சீவும் கத்தியால் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே வண்ண வளையம் போட்ட குச்சிகள், மெழுகு பூசிய கம்பிச் சுருள்கள், மூன்று காலில் நிற்கும் சின்னச் சின்னத் தகரக் குப்பிகள். எதையும் தொடவில்லை. மூடும்போது நான்கு ஸ்க்ரூவில் ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. மூன்றைப் போட்டு முடுக்கினேன். ரேடியோ பாடியது. அதற்குப் பிறகும் பத்து நாள் பாடியது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நாள் பாடியது.

பதினோராம் நாள் அடைமழை. எங்கள் வீட்டுக் கூரை ஷீட்டில் இருந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி, அலமாரியில் இருந்த ரேடியோ மேல் கொட்டியிருந்தது. அப்பா உறையைக் கழற்றி, செல்லை எடுத்துவிட்டு, ரேடியோவைக் கவிழ்த்து உதறினார். பிறகு எங்கள் பேட்டையில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார்.

நெருப்பை நிறுத்திய பிறகும் சூளையின் முதுகு நாள் கணக்கில் சூடாக இருக்கும். மழைக்காலத்தில் நனைந்தது எதுவானாலும் அதன்மேல்தான் போகும். போர்வை, பள்ளிக்கூடப் புத்தகம், மிளகாய், குழந்தைத் துணி. எதை எங்கே வைப்பது என்று அப்பாதான் சொல்வார். உள்ளங்கையைச் செங்கல்மேல் வைத்து எண்ணுவார். மூன்று எண்ணும்வரை கை பொறுத்தால் போர்வை வைக்கலாம். பத்து எண்ணும்வரை பொறுத்தால் புத்தகம் வைக்கலாம். அன்று சாயங்காலம் நான் நனைந்த புவியியல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். அவர் கையை வைத்து எண்ணினார். பத்துவரை எண்ணி, இங்க வை என்றார். என் புத்தகத்தை வைத்தேன். பக்கத்தில் ரேடியோவை அவர் வைத்தார்.

நெருப்பு நிறுத்தி நான்கைந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. உள்ளே இருக்கும் சூடு கனத்த சுவரைத் தாண்டி வெளியே வரப் பல மணி நேரம் பிடிக்கும்; சாயங்காலம் பத்து எண்ணிக்கை பொறுத்த இடம் விடிவதற்குள் இரண்டுகூடப் பொறுக்காது. சூளைக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். அன்று மறந்துவிட்டார், அல்லது ரேடியோவைக் காயவைக்கும் அவசரம். காலையில் எடுத்தபோது என் புத்தகத்தின் அட்டை பழுப்பாகிச் சுருண்டிருந்தது. ரேடியோ வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. செல்லைப் போட்டுத் திருகினார். பாட்டு வரவில்லை. அந்த இரைச்சல்கூட வரவில்லை.

திருப்பிப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூ இல்லை.

கேட்டார். திறந்தேன் என்று சொன்னேன். எதையும் தொடவில்லை என்பதையும், அதற்கப்புறம் பத்து நாள் பாடியது என்பதையும் சொல்வதற்குள் கன்னத்தில் விழுந்தது. அறையைப் பற்றி நான் பேச வரவில்லை, உங்கள் எல்லோருக்கும் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் நிதானமாக, கோபமே இல்லாத குரலில் சொன்னது இது:

"இந்த ரேடியோ என்னிக்குப் பேசுதோ, அன்னிக்குத்தான் நான் ஒங்கிட்ட பேசுவேன்."

சொன்னபடியே செய்தார். நாற்பத்து மூன்று நாள்.

நீங்கள் எத்தனை பேர் இதை அனுபவித்திருக்கிறீர்களோ தெரியாது. ஒரே அறை வீடு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவள தண்ணி எடுத்தார சொல்லு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா என்னிடம் சொல்வாள். அம்மா கடைக்குப் போயிருந்தால் கதவைப் பார்த்துச் சொல்வார். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டு, எதிரே நிற்கும் என்னிடம் தராமல், அடுப்படியில் இருக்கும் அம்மாவிடம் எழுந்து போய்க் கொடுத்தார். நான் இருமினால் திரும்பிப் பார்ப்பார்; பார்வை என் தலைக்கு மேலே எங்கேயோ நிற்கும். ஒரு வாரத்தில் எனக்கே என் குரல்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தனியாக இருக்கும்போது என் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆகவே எனக்கு ஒரே வேலைதான் இருந்தது. அந்த ரேடியோ பேசியாக வேண்டும்.

அம்மாவும் நானும் தேரடிப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் நாள் முழுக்க நாலு ரேடியோ பாடும் இடத்தில் உட்கார்ந்திருந்ததால் சாதாரணப் பேச்சையே கத்தித்தான் பேசுவார். பின்மூடியைத் திறந்தார், மீட்டரின் இரண்டு கம்பியை அங்கும் இங்கும் வைத்தார். ஏழு டிரான்சிஸ்டர் இருக்கிறது, அதில் கடைசி ஜோடி செத்துவிட்டது என்றார். சத்தத்தைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஜோடி. மூன்று கால் வைத்த அந்தத் தகரக் குப்பிகள்தான் டிரான்சிஸ்டர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவற்றின் முதுகில் ஏசி 128 என்று எழுதியிருந்தது. இந்தச் சாதியெல்லாம் இப்போது கடைக்கு வருவதில்லை என்று சொல்லி, கருப்பு பிளாஸ்டிக்கில் புதுசாக இரண்டை எடுத்து அந்த இடத்தில் பற்றவைத்தார்.

ரேடியோ பேசியது. எனக்கு அங்கேயே ஆட வேண்டும்போல இருந்தது. ஆனால் அது வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேசும் குரல். தவில் கேட்டது, நாயனம் பாதிதான் கேட்டது. செய்தி வாசிப்பவர் வாக்கியத்தின் முடிவில் குரலைத் தாழ்த்தினால் அந்தச் சொல்லே காணாமல் போனது.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ரேடியோவை அவர் முன்னால் வைத்துத் திருகினாள். ஒரு நிமிடம் கேட்டார். பிறகு அம்மாவிடம், "இது பேசறது இல்ல. மொனவறது" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

நான் மறுநாளே அந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஏன் இப்படி முனகுகிறது என்று கேட்டேன். கடைக்காரருக்கு ஒரு பெண்பிள்ளை கேள்வி கேட்பது வேடிக்கையாக இருந்தது.

"பழசு ஜெர்மானியம், பாப்பா. லேசா தொட்டா தொறக்கற கதவு. புதுசு சிலிக்கான். தோள வச்சித் தள்ளணும். சத்தமா வர்றது தள்ளிக்கிட்டு உள்ள வந்துடும். மெதுவா வர்றது வாசல்லியே நின்னுடும்."

கதவைத் திறந்தே வைக்கிற மாதிரி மற்ற சாமான்களையும் மாற்றலாம், ஆனால் அத்தனை மெனக்கெடுவதற்கு வேறு வேலை பார்க்கலாம் என்றார். பழைய சாதியிலேயே மாற்று கிடைத்தால் நீ கொண்டு வா, மாட்டித் தருகிறேன் என்று சொன்னது என்னை அனுப்பிவைப்பதற்காகத்தான். நான் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரம் நான் ஓடாத ரேடியோ கேட்டு வீடு வீடாக அலைந்தேன். பேட்டை வீடுகளில் ஓடாத ரேடியோ என்று எதுவும் கிடையாது. ஓடும் ரேடியோ இருக்கும், இல்லையென்றால் எதுவுமே இருக்காது. ஒரு வீட்டில் உடைந்த ரேடியோ பெட்டியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு எங்கள் சாமான் மாதிரியே இருந்த ஒரு குப்பியை ஒரு தையல்காரரிடமிருந்து வாங்கி வந்தேன். அதில் 127 என்று இருந்தது. ஒன்றுதானே குறைச்சல், போதும் என்று நினைத்தேன்.

கடைக்காரர் என்னைக் கண்டதும், இன்ஜினியரம்மா வந்துட்டாங்க என்று பக்கத்து டீக்கடைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். குப்பியைப் பார்த்ததும் இன்னும் சிரித்தார். எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் இது எதிர்ப்பக்கம் ஓடும் வண்டி, இரண்டையும் ஒரே ரோட்டில் விட்டால் இடித்துக்கொள்ளும் என்றார். போகும்போது, 188 கிடைத்தால் எடுத்து வா, அது ஆகும் என்றும் சொன்னார். எண்ணில் அறுபது தள்ளி இருப்பது ஆகும், அடுத்த எண் ஆகாது. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

என் வகுப்புத் தோழி மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவள். உங்களில் சிலருக்கு அவளை நினைவிருக்கும். அவள்தான் வழி காட்டினாள். அவர்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ இருந்தார்கள். அவர்கள் டேப் ரிக்கார்டர் கொண்டுவந்ததும் பழைய ரேடியோ எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பேட்டையில் கழித்ததைக் கொட்டும் ரிஜெக்ட் மேட்டிலிருந்து ஆறு கோப்பை பொறுக்கிக் கழுவி எடுத்துக்கொண்டேன். பிடி கொஞ்சம் கோணல், மற்றபடி குறையில்லை.

தோழியின் அம்மா கோப்பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து ஒரு ரேடியோவை இறக்கித் தரச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. தோழி சொல்லிவிட்டாள், இவ அப்பா இவகிட்ட பேச மாட்டாராம், ரேடியோ பேசினாத்தான் பேசுவாராம் என்று. அந்த அம்மா என் தலையில் கை வைத்து,

"எங்க வூட்டுக்காரரு கொரலக் கேட்டும் ரெண்டு வருசமாவுது, கண்ணு. அவராச்சும் கடலுக்கு அந்தாண்ட இருக்காரு. ஒங்கப்பா எந்த நாட்டுல இருக்காரு?" என்றார்கள்.

அவர்கள் கொடுத்த சேமியாவைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த ரேடியோவில் இரண்டு 128 இருந்தன. இரண்டு. கடை வரைக்கும் பொறுக்காமல் வீட்டிலேயே குறடு வைத்துப் பிடுங்கினேன். ஒன்று முழுசாக வந்தது. இன்னொன்றின் நடுக்கால் அடியோடு ஒடிந்துவிட்டது. அவசரப்பட்டு நான் செய்த தவறு அது. அதை அன்றே கடைக்காரரிடம் சொன்னேன், அம்மாவிடமும் சொன்னேன். சொன்னால் உயிர் போய்விடாது. ஒரு வாக்கியம்தான்.

கடைக்காரர் அந்தத் தடவை சிரிக்கவில்லை. நல்லதை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவைத்தார். ஜோடியில்லாமல் இதை மாட்ட முடியாது என்றார். ஒன்று மேலே தள்ளும், இன்னொன்று கீழே இழுக்கும். இரண்டுக்கும் பலம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டுமாம். இனி எதையும் பிடுங்காதே, பெட்டியோடு தூக்கி வா என்றார்.

மார்கழி பிறந்த பிறகு கம்மாபுரத்திலிருந்து அம்மாவின் சித்தப்பா வீட்டுச் செய்தி வந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். உதவிக்கு நாங்களும் போனோம். எல்லோரும் பாத்திரத்தையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்க, நான் வேண்டாம் என்று ஒதுக்கிய குவியலையே சுற்றிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பாட்டுப் பெட்டி, இசைத்தட்டு சுழலும் வகை, மூடி போய், உள்ளே எலி கூடு கட்டியது. கூட்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். 188. அன்று அந்த வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் மறைக்கப் போவதில்லை.

கடைசியாகக் கடைக்குப் போனபோது அம்மாவும் வந்தாள். கடைக்காரர் இரண்டையும் மீட்டரில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அண்ணன் தம்பின்னு சொல்ல முடியாது. பங்காளிங்க. ஒரே வூட்ல இருந்துக்குவாங்க, அப்பப்ப சண்ட போட்டுக்குவாங்க" என்றார். அதாவது சத்தத்தை ரொம்பக் கூட்டினால் லேசாகக் கரகரக்கும். போதும் என்றேன்.

பற்றவைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். குப்பியின் ஒவ்வொரு காலையும் இடுக்கியால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இரும்பைத் தொட்டார். ஏன் என்று கேட்டேன். இந்தப் பழைய சாதிக்குச் சூடே ஆகாது, இரும்பின் சூடு உள்ளே ஏறாமல் இடுக்கி வாங்கிக்கொள்ளும் என்றார். பிறகு இடுக்கியின் முனையால் கம்பிச் சுருள்களைக் காட்டினார். மெழுகு உருகி வழிந்து, அட்டையில் சொட்டாக உறைந்திருந்தது.

"இதப் பாரு. மெழுவே ஓடியிருக்குது. ரேடியோவ எங்க வச்சீங்க, அடுப்பாண்டயா?"

முதல் நாளே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"யாரும் கேக்கலியே."

அம்மா பெஞ்சுக்குக் கீழே என் கையைப் பிடித்து நெரித்தாள். ரேடியோ நிஜமாகவே பேசியது. மெதுவான சொல்கூட விழாமல் பேசியது. ஸ்டேஷனுக்கு முன்னால் அந்த இரைச்சலும் வந்தது. ஆனால் நான் அதைக் கேட்கவில்லை. பத்து எண்ணிய அந்தக் கையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணிமுத்தாற்றுப் பாலத்தில் வரும்போது அம்மா நின்றாள். கடைக்காரர் சொன்னதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றாள். சூளைக்காரனுக்குச் சூடு தெரியவில்லை என்று பேட்டை முழுக்கப் பேசும், மனுஷன் தலை நிமிர்ந்து வேலைக்குப் போக வேண்டாமா என்றாள். நான் நிற்காமல் நடப்பதைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள்.

"ரேடியோதான் பேசிடுச்சே. நீ எதுக்குப் பேசணும்?"

அம்மாவைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பத்து மூன்று நாள் தபால்காரியாக இருந்தவள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தாள். ஆனால் அவள் தீர்ப்பும் தப்புதான்.

வீட்டில் அப்பா நெருப்பு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ரேடியோவை வைத்துத் திருகினேன். வானிலை அறிக்கை. கேட்டார். சத்தத்தைக் குறைத்துக் கேட்டார், கூட்டிக் கேட்டார். கரகரப்பு வந்த இடத்தில் கொஞ்சம் குறைத்து நிறுத்தினார். பிறகு, நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல என்னைப் பார்த்து, "பாப்பா, தண்ணி கொண்டா" என்றார்.

இத்தனை நாள் நான் ஏங்கிய குரல். காலே தானாகப் பானைப் பக்கம் திரும்பியது. திருப்பி வைத்தேன்.

"சூளை மேல வச்சது யாருப்பா?"

அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. மெழுகு உருகியிருக்கிறது, கடைக்காரர் காட்டினார், இந்தச் சாமான் சூட்டில்தான் சாகுமாம், நான் திறந்த பிறகு பத்து நாள் பாடியது என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன்.

விழவில்லை. அப்பா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரேடியோவை உறையில் போட்டு, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமலே போனார்.

மறுநாள் முதல் சாதாரணமாகப் பேசினார். நானும் கேட்டதற்குப் பதில் சொன்னேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. பின்னாளில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எம் பொண்ணு பன்னண்டு வயசுலியே ரேடியோவுக்கு மாத்து சாமான் தேடிப்புடிச்சி ஓட வச்சிது என்று பெருமையாகச் சொன்னார். எதற்காகத் தேடினேன் என்பது அந்தக் கதையில் இருக்காது. அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்களும் அந்தக் கதையைத்தான் என்னிடம் சொன்னார்கள். தலையாட்டினேன். இப்போது தலையாட்ட மாட்டேன்.

அந்தக் காலத்து மனிதர்கள், அவர்களுக்குத் தெரியாது என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். தெரியாமல் இல்லை. கையைப் பார்த்தார். தெரிந்தவர்தான் கையைப் பார்ப்பார். அவர் நல்லவர்; நெருப்பில் நின்று என்னைப் படிக்கவைத்தார்; அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அந்த நாற்பத்து மூன்று நாள் என்னை ஆளாக்கியது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது என்னை என்னவாக ஆக்கியது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

என் மகள் தேர்வில் தன் தாளைப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. நான் அவளிடம் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை, நான் படித்தவள், பிள்ளையை அடிக்க மாட்டேன். பேசுவதை நிறுத்தினேன். அவள் அப்பாவிடம், "அவளச் சாப்பிடச் சொல்லுங்க" என்றேன். என் வாயில் அந்த வாக்கியம் வந்தபோது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆறு நாள். ஆறாம் நாள் பள்ளியிலிருந்து மறுபடி போன் வந்தது. காட்டியது வேறொரு பெண்ணாம், பெயர் மாறிவிட்டதாம். அன்று சாயங்காலம் இவள் டியூஷனிலிருந்து வரவில்லை.

ஏழு மணிவரை தேடினோம். எந்தெந்தக் கிணறு, எந்தெந்த வண்டி என்று மனது போன இடங்களை இங்கே எழுத மாட்டேன். ஜங்ஷனில், மூன்றாவது பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட் எடுக்கவில்லை. எந்த ஊருக்கும் போக நினைக்கவில்லை. எதற்கு இங்கே வந்தாய் என்று அவள் அப்பா கேட்டார். வண்டி வருவதையும் போவதையும் சொல்லிக்கொண்டிருந்த ஒலிபெருக்கியைக் காட்டினாள்.

"இங்க ஒரு அம்மா பேசிக்கிட்டே இருக்காங்கப்பா."

அவள் எதிரே போய் நின்றேன். இவளுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும், வீட்டுக்குப் போய் இல்லை, நாளைக்கு இல்லை என்று மட்டும் தெரிந்தது. பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டால் தலைமேல் ஏறிக்கொள்வார்கள் என்று பிறகு என் மாமியார் எனக்குச் சொன்னார்கள், நீங்களும் சொல்லப்போகிறீர்கள். ஏறட்டும். ஏறிக்கொள்ளத்தானே தலை.

"காட்டுனது நீ இல்லன்னு இன்னிக்குத் தெரிஞ்சிது. தெரியறதுக்கு முன்னாடியே உங்கிட்ட கேட்டிருக்கணும். கேக்காதது என் தப்பு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அந்த ஆறு நாளு?" என்றாள்.

"அதுவும் என் தப்பு. அது இன்னும் பெரிய தப்பு."

பக்கத்து பெஞ்சில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஒரு போலீஸ்காரர் நடையைக் குறைத்தார். மகள் பெஞ்சில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அவள் என்மேல் சாயவில்லை, நானும் தொடவில்லை. இன்றுவரை அவள் என்னிடம் கேட்டதற்கு மட்டும்தான் பேசுகிறாள். அது அவள் உரிமை. எத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

என் வீட்டுக்காரர் குனிந்து என் காதருகே சொன்னார்.

"எழுந்திரும்மா. எதுவா இருந்தாலும் வூட்ல போயி பேசிக்கலாம். ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றேன்.